உத்தரவாதம் யாருக்கு? அரசுக் கடனும் காண்ட்ராக்டரும் கறுப்பின மக்களின் வீடும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், எட்டாம் மைல் சாலைக்குத் தெற்கே ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941இல் எழுப்பப்பட்டது. இன்று அதன் ஒரு பகுதியில் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அந்தத் தெருவில் எவரும் மறக்கவில்லை.

கதை சுருக்கமானது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் பக்கத்திலேயே வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க ஒரு கட்டுமான முதலாளி திட்டமிட்டார். வாங்குபவர்களின் அடமானக் கடனுக்கு அரசு உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டார். கறுப்பர்கள் மிக அருகில் இருக்கிறார்கள் என்று சொல்லி அரசு அமைப்பு மறுத்தது. முதலாளி நடுவில் சுவர் வைத்தார். உத்தரவாதம் கிடைத்தது.

உத்தபுரம் சுவரைப் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக விளக்க எதுவும் இல்லை. 1989இல் மதுரை மாவட்டத்தில் எழுப்பப்பட்டு, 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட அந்தச் சுவரை ஊர்க்காரர்களின் சாதி கட்டியது. டெட்ராய்ட் சுவரைக் கட்டியது ஒரு கடன் விதி. கட்டியவர் காண்ட்ராக்டர், கட்ட வைத்தது அரசின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாரைக் காத்தது, யாரை விட்டுவிட்டது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வீடு கட்ட, வீட்டைப் பழுது பார்க்க அரசு பின்னால் நிற்கும் கடன் என்று கேட்டவுடன் ‘நல்ல திட்டம்’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் திட்டத்துக்குள் காண்ட்ராக்டர் வந்து நிற்கும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 90 ஆண்டு அனுபவம் அந்த இடத்தைத்தான் காட்டுகிறது.

1934: இரண்டு கதவுகள்

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவின் கட்டுமானத் தொழில் படுத்துவிட்டது. கொத்தனார், தச்சர், குழாய் வேலை செய்பவர் எல்லோரும் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். வங்கிகள் வீட்டுக் கடன் கொடுக்கப் பயந்தன. 1934 ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் வழியே கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் பிறந்தது. எஃப்.எச்.ஏ. என்ற சுருக்கப் பெயர்தான் பழக்கத்தில் நிலைத்தது.

இந்த நிர்வாகம் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிதான் கொடுக்கும். வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கியின் இழப்பை அரசு ஈடுகட்டும். இதைத்தான் அரசு உத்தரவாதக் கடன் என்கிறோம். இழப்பு வராது என்று தெரிந்தால் வங்கி துணிந்து கொடுக்கும் என்பது கணக்கு.

சட்டத்தில் இரண்டு முக்கியப் பகுதிகள் இருந்தன. இரண்டாவது பகுதி வீடு வாங்குவதற்கான நீண்டகால அடமானக் கடன். முதல் பகுதி, அதாவது டைட்டில் ஒன்று, இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கவும் மேம்படுத்தவும் கடன். கூரை மாற்றலாம், குளியலறை போடலாம், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் வைக்கலாம். தொடக்கத்தில் 2,000 டாலர் வரை கொடுத்தார்கள். வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போதும். ஒரு வங்கி இப்படிக் கொடுத்த மொத்தக் கடனில் 20 விழுக்காடு வரையிலான இழப்பை அரசு ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது கதவு கறுப்பின மக்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது. எஃப்.எச்.ஏ.வின் கடன் மதிப்பீட்டுக் கையேடு, ஒத்துப்போகாத இனக் குழுக்கள் கலந்து வாழ்ந்தால் வீட்டின் மதிப்பு விழும் என்று அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதைத் தடுக்க இயற்கைத் தடைகளும் செயற்கைத் தடைகளும் உதவும் என்றது. டெட்ராய்ட் சுவர் அந்த வரியின் கான்கிரீட் வடிவம். இதே காலத்தில், 1933இல் உருவான இன்னொரு அரசு அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் தயாரித்தது. பச்சை என்றால் பாதுகாப்பான பகுதி, சிவப்பு என்றால் ஆபத்தான பகுதி. கறுப்பர்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பில் விழுந்தன. ‘ரெட்லைனிங்’ என்ற சொல் பின்னாளில் இந்தச் சிவப்பைக் குறிப்பதாகவே நிலைத்துவிட்டது.

நம் ஊர்களில் சேரி எங்கே என்று யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அங்கே அரசே உட்கார்ந்து வரைந்தது. அதுதான் வித்தியாசம்.

போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களுக்கும் இதே நிலைதான். 1944ஆம் ஆண்டின் படைவீரர் நலச் சட்டம் வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்கு அரசு உத்தரவாதக் கடன் தந்தது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் கொடுக்கப்பட்ட இத்தகைய கடன்களை ‘எபனி’ இதழ் கணக்கெடுத்தது. மொத்தம் 3,229. அதில் கறுப்பினப் படைவீரர்களுக்குக் கிடைத்தவை 2.

கடன்தான் இல்லை, அந்தக் கடனில் நடக்கும் கட்டுமான வேலையாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. மின்வேலை, குழாய் வேலை, தகர வேலைத் தொழிற்சங்கங்கள் பல, கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. தந்தை உறுப்பினர் என்றால் மகனுக்குப் பயிற்சி இடம் என்ற வழக்கம் ஓடியது. சாதித் தொழில் என்ற சொல் அங்கே இல்லை, ஆனால் அந்த வழக்கம் இருந்தது. 1969இல் சிகாகோவிலும் பிட்ஸ்பர்கிலும் கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டுமானத் தளங்களை மறித்துப் போராடினார்கள். அதே ஆண்டு கூட்டாட்சி அரசு பிலடெல்பியா திட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணம் ஓடும் கட்டுமானத்தில் சிறுபான்மை இனத்தவரை வேலைக்கு எடுக்க இலக்கு வைக்க வேண்டும் என்றது. நம் இடஒதுக்கீட்டு வாதங்களைப் போலவே அதற்கும் ‘தகுதி போய்விடும்’ என்ற கூச்சல் கிளம்பியது.

டைனமைட்காரர்கள்

இப்போது முதல் கதவுக்கு வருவோம். பழுது பார்க்கும் கடன். இங்கேதான் காண்ட்ராக்டர் கதையின் நடுவுக்கு வருகிறார்.

இந்தக் கடனில் வீட்டுக்காரர் பெரும்பாலும் வங்கிக்கே போவதில்லை. வீட்டுக் கதவைத் தட்டி ஒரு விற்பனையாள் வருவார். நல்ல உடுப்பு, மெல்லிய தோல் காலணி, இனிக்கும் பேச்சு. “உங்கள் சுவருக்குப் புதிய மேலுறை போட்டுத் தருகிறோம். உங்கள் வீட்டை மாதிரி வீடாக வைத்துக்கொள்கிறோம். அதைப் பார்த்து வேறு யாராவது வேலை கொடுத்தால் உங்களுக்குக் கமிஷன். உங்கள் கடன் தானாகவே அடைந்துவிடும்” என்பார். தெருவில் அடுத்த வீட்டுக்கும் இதையே சொல்லியிருப்பார். இந்த ஆட்களுக்குத் தொழிலுக்குள் ‘டைனமைட்காரர்கள்’ என்று பெயர்.

வீட்டுக்காரர் முன்னால் பல தாள்கள் நீட்டப்படும். ஒன்று வேலை ஒப்பந்தம், ஒன்று கடன் பத்திரம், இன்னொன்று வேலை முடிந்துவிட்டது என்ற சான்று. வேலை தொடங்கும் முன்பே, என்ன தாள் என்று தெரியாமலேயே, பலர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் வங்கிக்குப் போனால் முழுப் பணமும் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு கூரை ஒழுகினால் என்ன, மேலுறை ஆறு மாதத்தில் உரிந்தால் என்ன? ஆள் ஊரைவிட்டே போயிருப்பார்.

வீட்டுக்காரர் வங்கியிடம் போய் நியாயம் கேட்டால் என்ன பதில் வரும்? “வேலை சரியில்லை என்பது உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் உள்ள வழக்கு. நாங்கள் நல்லெண்ணத்தில் இந்தக் கடன் பத்திரத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம். தவணையைக் கட்டுங்கள்.” அன்றைய வணிகச் சட்டம் வங்கியின் பக்கம் நின்றது. அரசோ வங்கியின் இழப்பை ஈடுகட்டத் தயாராக இருந்தது. இழப்பு இல்லாத வங்கிக்கு, காண்ட்ராக்டர் யோக்கியனா என்று விசாரிக்க என்ன அவசரம்?

1954 ஏப்ரலில் இது வெடித்தது. எஃப்.எச்.ஏ.வின் ஆணையர் கை ஹாலிடே பதவி விலகினார். இண்டியானாவைச் சேர்ந்த ஹோமர் கேப்ஹார்ட் தலைமையில் செனட்டின் வங்கிக் குழு விசாரித்தது. பழுதுபார்ப்புக் கடன் மோசடியோடு, அடுக்குமாடி கட்டிய முதலாளிகள் செலவைவிட அதிகமாகக் கடன் வாங்கி மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டதும் வெளியே வந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய வீட்டுவசதிச் சட்டம் ஒரு முக்கிய மாற்றம் செய்தது. பழுதுபார்ப்புக் கடன் ஒவ்வொன்றின் இழப்பிலும் 10 விழுக்காட்டை வங்கியே ஏற்க வேண்டும் என்றது. தன் பணமும் கொஞ்சம் போகும் என்றால்தான் வங்கி கண்ணைத் திறக்கும் என்று 20 ஆண்டு கழித்து அரசு புரிந்துகொண்டது.

ஆனாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. அரசு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த வீட்டில் கோளாறு என்றால், வீட்டுக்காரருக்கு அரசு பொறுப்பா? 1961இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு குடும்பம் எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டை நம்பி வீடு வாங்கியது. குடியேறிய பின் சுவர்கள் விரிசல் விட்டன. மதிப்பீட்டாளர் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று வழக்குப் போட்டார்கள். ‘அமெரிக்கா எதிர் நியூஸ்டாட்’ என்ற அந்த வழக்கில், தவறான தகவலை நம்பியதால் வந்த இழப்புக்கு அரசிடம் ஈடு கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அரசு முத்திரை குத்திய வீடுதான். ஆனால் அந்த முத்திரையை நம்பி ஏமாந்தவருக்கு அரசு பொறுப்பாகாது.

1968: கதவு திறந்தபோது

கறுப்பின மக்கள் 30 ஆண்டுக்கும் மேலாக வெளியே நின்றார்கள். வங்கிக் கடன் கிடைக்காததால் சிகாகோ போன்ற நகரங்களில் ‘ஒப்பந்தத்தில்’ வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். பழுது பார்க்கும் செலவு மட்டும் குடியிருப்பவர் தலையில். 1968இல் சிகாகோவின் லான்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வாங்குநர் சங்கம் தொடங்கி, தவணை கட்ட மாட்டோம் என்று போராடினார்கள்.

அதே 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. ஆகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. அதன் 235ஆம் பிரிவு ஏழைக் குடும்பங்களுக்கு வீடு வாங்க வழி செய்தது. முன்பணம் 200 டாலர் போதும். வட்டியில் பெரும்பகுதியை அரசே கட்டும். பழைய நகரப் பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் மறுக்கக் காரணமாக இருந்த விதிகளும் தளர்த்தப்பட்டன. சிவப்புக் கோட்டுக்குள் இருந்த தெருக்களுக்கு முதல்முறையாக அரசு உத்தரவாதம் வந்தது.

நாம் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் வெற்றி என்றுதான் எழுதியிருப்போம். அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

நகரத்தின் இடிந்த வீடுகளைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். ஒரு காண்ட்ராக்டரை வைத்து மேலே மட்டும் வேலை செய்தார்கள். சுவருக்குப் புது வண்ணம், தரைக்குப் புது விரிப்பு. உள்ளே மின்கம்பி பழையது, குழாய் அரித்தது, கொதிகலன் செத்தது, அடித்தளத்தில் தண்ணீர். எஃப்.எச்.ஏ. மதிப்பீட்டாளர்களில் சிலர் லஞ்சம் வாங்கினார்கள், சிலர் வீட்டுக்குள் போகாமலேயே கையெழுத்துப் போட்டார்கள். பல மடங்கு விலை ஏற்றி வீடு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் பெரும் பங்கு, அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்கள். குளிர்காலம் வந்ததும் வீடு சூடாகவில்லை. பழுது பார்க்கப் பணம் இல்லை. தவணை நின்றது. வீடு ஜப்தியானது.

இதில் யாருக்கு நட்டம்? தரகர் விற்ற அன்றே லாபத்தோடு போய்விட்டார். அடமான நிறுவனம் கட்டணமும் வாங்கிக்கொண்டது, ஜப்திக்குப் பின் அரசிடம் முழுப் பணமும் வாங்கிக்கொண்டது. இந்தக் காலத்தை ஆராய்ந்த கியாங்கா-யமாட்டா டெய்லர் 2019இல் வெளிவந்த தம் நூலில் இதை ‘கொள்ளையிடும் உள்வாங்கல்’ என்ற பொருளில் பெயரிடுகிறார். தவணை தவறக்கூடிய ஏழைப் பெண்தான் இந்த வணிகத்துக்குத் தேவைப்பட்ட வாடிக்கையாளர் என்கிறார். விலக்கி வைப்பது மட்டும் ஒடுக்குமுறை இல்லை, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உள்ளே இழுத்துப் போடுவதும் ஒடுக்குமுறைதான் என்பதை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

1971 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு அறிக்கை இந்த ஊழலை வெளியே கொண்டுவந்தது. வீட்டுவசதித் துறைச் செயலர் ஜார்ஜ் ராம்னி, பழைய வீடுகளுக்கான 235 திட்டத்தை நிறுத்தி வைத்தார். 1973 ஜனவரியில் நிக்சன் அரசு, மானிய வீட்டுத் திட்டங்களையே மொத்தமாக முடக்கியது. டெட்ராய்ட் நகரில் மட்டும் ஆயிரக்கணக்கான காலி வீடுகள் அரசின் கையில் வந்து சேர்ந்தன. ஏமாற்றியவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனால் பொதுப்பேச்சில் பழி விழுந்தது அந்தப் பெண்கள் மேல். ‘வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்’ என்றார்கள். ‘தொகுப்பு வீட்டை கட்டிக் கொடுத்தாலும் காலனிக்காரன் நாசம் பண்ணிடுவான்’ என்ற பேச்சை நம் ஊர் டீக்கடையில் கேட்காதவர் யார்?

அந்தப் பெண்கள் வாய் மூடி இருக்கவில்லை. புகார் எழுதினார்கள், செய்தியாளர்களை வீட்டுக்குள் அழைத்துக் காட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். 1970இலேயே 518(பி) என்ற பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வாங்கும்போதே இருந்த கட்டுமானக் கோளாறைச் சரிசெய்ய 235 திட்ட வீட்டுக்காரர்களுக்கு அரசு பணம் தரலாம் என்றது அது. 1975இல் கூட்டாட்சி வணிக ஆணையம் இன்னொரு விதி கொண்டுவந்தது. விற்பவர் ஏமாற்றினால், அவரிடமிருந்து கடன் பத்திரத்தை வாங்கிய வங்கியிடமும் அதே குறையைச் சொல்லி எதிர்க்கலாம். ‘அது உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் உள்ள வழக்கு’ என்ற பழைய பதில் அதன் பிறகு எளிதில் செல்லவில்லை.

203(கே): தழும்புகளால் எழுதிய விதி

இன்று அமெரிக்காவில் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்க அரசு உத்தரவாதத்தோடு கிடைக்கும் முதன்மைக் கடன், 203(கே). இதன் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் 1978இல் செய்த சட்டத் திருத்தம். வாங்கும் விலையும் பழுதுபார்க்கும் செலவும் ஒரே கடனில் அடங்கும்.

இதன் நடைமுறையைக் கவனமாகப் படியுங்கள். பெரிய வேலை என்றால், துறையின் பட்டியலில் உள்ள ஆலோசகர் ஒருவர் வீட்டைப் பார்த்து, என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதித் தர வேண்டும். காண்ட்ராக்டரை வீட்டுக்காரரே தேர்ந்தெடுப்பார். அவருடைய தகுதியைக் கடன் கொடுப்பவர் சரிபார்ப்பார். பழுதுபார்க்கும் பணம் காண்ட்ராக்டர் கைக்கும் போகாது, வீட்டுக்காரர் கைக்கும் போகாது. தனிக் கணக்கில் நிற்கும். அதிகபட்சம் ஐந்து தவணையில், முடிந்த வேலையைப் பார்த்த பின்பே வெளியே வரும். ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காடு பிடித்து வைக்கப்பட்டு, எல்லாம் முடிந்த பின் தரப்படும். தவணை கேட்கும் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும். இடையில் எதிர்பாராத செலவு வந்தால் சமாளிக்கத் தனித் தொகை ஒதுக்கப்படும். சிறு வேலைகளுக்கு எளிய வடிவம் ஒன்று உண்டு. அதன் உச்சவரம்பு 2024இல் 35,000 டாலரிலிருந்து 75,000 டாலராக உயர்ந்தது.

இந்த விதிகளை வெறும் அலுவலக நடைமுறை என்று எண்ண வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே வாங்கிய ‘முடிந்தது’ கையெழுத்தை நினைத்துக்கொண்டு படித்தால், தவணைக்கு முன் ஆய்வு எதற்கு என்று புரியும். பணத்தோடு ஓடிய ஆளை நினைத்தால், 10 விழுக்காட்டை எதற்குப் பிடிக்கிறார்கள் என்று புரியும்.

ஆனால் விதி இருந்தும் ஓட்டை இருந்தது. லாபத்துக்காக வாங்கும் முதலீட்டாளர்களை 1996இல் இந்தத் திட்டத்திலிருந்து விலக்கினார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை தொடர்ந்தது. 1990களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெம், புரூக்ளின் பகுதிகளில் தரகர்கள் தொண்டு நிறுவனங்களை முகமூடியாக வைத்து நூற்றுக்கணக்கான பழைய கட்டடங்களை ஏற்றிய விலைக்கு வாங்க வைத்தார்கள். புதுப்பிப்புப் பணம் கரைந்தது. புதுப்பிப்பு நடக்கவில்லை. கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன, அல்லது வாடகைக்கு இருந்தவர்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே கிடந்தார்கள். ஹார்லெம் எந்த மக்களின் தலைநகரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமூகப் பணியில் இருக்கும் நமக்கு இதில் தனிப் பாடம் உண்டு. பெயர்ப் பலகையில் ‘தொண்டு’ என்று இருப்பதாலேயே கணக்குக் கேட்காமல் விடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முடித்த பின்தான் பணம் என்றால், சிமெண்ட்டும் மரமும் வாங்கவும் வாரக்கூலி கொடுக்கவும் கையில் முதல் வேண்டும். முதல் யாரிடம் இருக்கிறது? தலைமுறையாகக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பினச் சிறு காண்ட்ராக்டரிடம் இல்லை. வீட்டுக்காரரைக் காக்கும் விதியே அந்தச் சமூகத்தின் மேஸ்திரியை வெளியே தள்ளிவிடுகிறது. 1969இல் சிறுபான்மைக் காண்ட்ராக்டர்களுக்கான தேசியச் சங்கம் தொடங்கியபோது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் தொழில் முதலும் பிணைப் பத்திரமும் இருந்தன. நம் பக்கத்தில் கர்நாடகம் இதற்கு ஒரு வழி கண்டது. அரசு ஒப்பந்தப் பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடிக் காண்ட்ராக்டர்களுக்கு முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலும், 2023இல் 1 கோடி ரூபாய் வரையிலும் ஒதுக்கீடு செய்தது. வீட்டுக்காரரின் பாதுகாப்பு, நம் மேஸ்திரியின் வேலை, இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நமக்கு என்ன?

1946இல் அண்ணல் அம்பேத்கர், டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மனுவையும் பெயரையும் எடுத்தார்கள். நாம் இந்த வீட்டுக் கணக்கையும் எடுத்துக்கொள்வோம்.

1985-86இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குமானது. அதன் விதியிலேயே, பயனாளிதான் கட்ட வேண்டும், காண்ட்ராக்டரை நுழைக்கக் கூடாது என்று இருந்தது. 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாய். பணம் நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு எடுத்த புகைப்படத்தைப் பார்த்துத் தவணையாக வரும். இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. நகரத்து ஏழைகளின் சிறு வீட்டுக் கடனுக்கும் வீட்டு மேம்பாட்டுக் கடனுக்கும் உத்தரவாதம் தர 2012இல் நடுவண் அரசு ஒரு நிதி அறக்கட்டளை தொடங்கியது. அந்த உத்தரவாதமும் கடன் கொடுப்பவருக்குத்தான்.

தாளில் இது நன்றாகவே இருக்கிறது. களத்தில் நாம் பார்ப்பது வேறு. காலனியில் ஐந்தாறு வீட்டுக்கு ஒரே ஆள் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வருகிறார். பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் அவர் பையில். அடித்தளம் போட்டதும் ஒரு படம், லிண்டல் மட்டத்தில் ஒரு படம். தவணை வந்த அன்றே எடுக்கப்படுகிறது. கூரை போட்ட பின் பூச்சு வேலை நிற்கிறது. கதவு இல்லை, கழிப்பறை பாதியில். “மேல காசு கேக்குறாரு தம்பி, எங்கிட்ட எங்க இருக்கு” என்று அந்த அம்மா கந்துவட்டிக்குப் போகிறார். அரசின் கணக்கில் அந்த வீடு முடிந்த வீடு. அந்த அம்மா டைனமைட்காரர் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த ஆளை அவருக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, வீட்டுத் திட்டம், கடன் திட்டம் என்று எது நம் பகுதிக்கு வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். உத்தரவாதம் யார் பெயரில், கொடுப்பவருக்கா வாங்குபவருக்கா? பணம் யார் கையில் நிற்கிறது? வேலை முடிந்தது என்று யார், எப்போது கையெழுத்துப் போடுகிறார்? வேலை கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்விகளைக் கிராம சபையில் கேட்கலாம். சமூகத் தணிக்கையில் கேட்கலாம். பயனாளிப் பட்டியலையும் தவணை விவரத்தையும் அளவுப் பதிவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அதற்கெல்லாம் முன்னால் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் வீடு பாதியில் நிற்கும் குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். பாஸ்புக் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால், என்ன வேலை, எவ்வளவு பணம், எந்த நாளுக்குள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். வேலை முடியும் வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லான்டேல் மக்கள் சங்கம் கட்டியதும் ஒருவர் தாளை இன்னொருவர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான்.